பழைய குகை, புதிய ஆட்டக்காரர்கள்

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தபோது நான் ஒரு பழைய பாலத்தின் அடியில் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

"தம்பி, சரித்திரக் கட்டுரை ஒண்ணு குறையுது. ராஜராஜ சோழனைப் பத்தி ஏற்கெனவே மூணு பேர் கொடுத்துட்டாங்க. நீ வேற ஏதாவது எழுது" என்றார் சீனியர் அண்ணா.

"எனக்குத் தெரிஞ்சது ஒரு விளையாட்டோட சரித்திரம்தாண்ணா. பரவாயில்லையா?"

"கிரிக்கெட்டா?"

"இல்லண்ணா. மேஜையைச் சுத்தி உட்கார்ந்து ஆடுறது."

"சீட்டாட்டமா? டேய், மலர்ல முதல்வர் வாழ்த்துரை வேற இருக்குடா!"

சீட்டாட்டம் இல்லை என்று சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் இந்தப் பக்கங்கள் எனக்கு ஒதுக்கப்பட்டன. ஆகவே நண்பர்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சூதாட்டம் அல்ல, காசு வைத்து ஆடுவதும் அல்ல. ஆனால் பகடை உண்டு. பூதம் உண்டு. நம் பேட்ச் ஆசாமிகள் நாலு பேரும் உண்டு. பழைய கட்டுமானத்தைப் பழுது பார்த்துச் சம்பளம் வாங்கும் ஒரு சிவில் இன்ஜினீயர், பழைய கதை ஒன்றைப் பழுது பார்க்கப் போய் மாட்டிக்கொண்ட சமாசாரம்தான் இது.

என்ன ஆட்டம்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். சுருக்கமாக டி அண்ட் டி. கேரம் போல, செஸ் போலப் பலகை கட்டாயமில்லை. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை நடத்துபவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன். "எதிரே ஒரு குகை வாசல். உள்ளே கும்மிருட்டு. ஏதோ உறுமல் கேட்கிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று கதை நடத்துபவர் கேட்பார். நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். உள்ளே போகலாம், புகை போடலாம், ஓடலாம், உறுமுகிறவனைக் கூப்பிட்டுப் பேரம் பேசலாம். பலிக்குமா என்பது சந்தேகமாக இருந்தால் பகடை உருட்ட வேண்டும். நம் ஊர் தாயக்கட்டைக்கு நாலு பக்கம். இவர்களிடம் 20 முகம் உள்ள பகடைகூட உண்டு.

இது பிறந்தது 1974 ஜனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில். கேரி கைகாக்ஸ் என்பவர் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை போய், செருப்புத் தைத்துக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டவர். பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் ஆட்டம் ஆடுவதில் பைத்தியம். அதே பைத்தியம் பிடித்த இன்னொருவர் மின்னசோட்டா மாநிலத்து டேவ் ஆர்னெசன். ஓர் ஆட்டக்காரருக்கு ஒரு படை என்று இருந்ததை, ஓர் ஆட்டக்காரருக்கு ஒரே ஒரு ஆள் என்று குறைத்து, அந்த ஆளைக் கோட்டைக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் இறக்கிவிட்டவர் ஆர்னெசன். இருவரும் சேர்ந்து செய்ததுதான் டி அண்ட் டி. மூன்று சின்னப் புத்தகங்கள் கொண்ட பெட்டி. முதல் அச்சு 1000 பெட்டிகள். வீட்டிலேயே உட்கார்ந்து கையால் அடுக்கி விற்றார்கள்.

நான் இருக்கும் மில்வாக்கியிலிருந்து லேக் ஜெனீவா ஒரு மணி நேர டிரைவ்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் கைகாக்ஸ் குடியிருந்த சென்டர் ஸ்ட்ரீட் வீட்டைத் தெருவிலிருந்தே பார்த்துவிட்டு வந்தேன். சாதாரண வீடு. கைகாக்ஸ் 2008-லும் ஆர்னெசன் 2009-லும் காலமாகிவிட்டார்கள்.

எல்லாக் கதை நடத்துபவர்களுக்கும் சொந்தமாகக் கதை கட்டத் தெரியாது, நேரமும் இருக்காது. அவர்களுக்காக வரைபடம், அறை அறையாக விவரம், யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள், பெட்டியில் எத்தனை காசு என்றெல்லாம் எழுதிய தயார் சாகசங்களை 1978 முதல் கைகாக்ஸின் டி.எஸ்.ஆர். கம்பெனி புத்தகமாகப் போட்டது. மாட்யூல் என்று அவற்றுக்குப் பெயர். ஹாஸ்டலில் நாம் பார்த்த லேப் மேனுவல் மாதிரிதான். வழிமுறை ஒன்றே, ஆனால் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ரீடிங் வேறு!

எல்லைக் கோட்டை

அந்த மாட்யூல்களில் மிக அதிகம் பேர் ஆடியவற்றில் ஒன்று, கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்'. எல்லைக் கோட்டை என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பக்காரர்களுக்கான பெட்டியோடு சேர்த்தே கொடுத்ததால், 1980-களில் இந்த ஆட்டத்துக்குள் நுழைந்த பிள்ளைகள் பலருக்கு இதுதான் முதல் கதை.

அமைப்பு மிக எளிது. நாகரிக உலகத்தின் ஓரத்தில் ஒரு கோட்டை. அதில் சத்திரம், கோயில், கடை, காவலர்கள். வெளியே காடு. காட்டுக்குள் ஒரு பள்ளத்தாக்கு. அதன் இரு பக்கமும் குகைகள். ஒரு குகையில் கோபால்ட் என்ற குட்டி ராட்சசர்கள், இரண்டில் ஆர்க் என்ற முரட்டு இனத்தின் இரு கூட்டங்கள், இன்னொன்றில் காப்ளின்கள், தனியாக ஒரு ஓகர் பூதம், கடைசியில் ஒரு தீய கோயில். எந்தக் குகைக்கு முதலில் போவது என்று புத்தகம் சொல்லாது. அது உங்கள் பாடு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கோட்டையில் உலாவும் வதந்திகளின் பட்டியல் ஒன்றைக் கைகாக்ஸ் கொடுத்திருக்கிறார். சில உண்மை, சில பொய். "'ப்ரீ-யார்க்' என்றால் காப்ளின் பாஷையில் 'சரணடைகிறோம்' என்று அர்த்தம்" என்பது ஒரு வதந்தி. சுத்தப் பொய்! காப்ளின்கள் ப்ரீ-யார்க் என்று கத்தினால் "உதவிக்கு வா" என்று அர்த்தம். கத்திவிட்டுப் பக்கத்துக் குகை ஓகருக்கு 250 பொற்காசு மூட்டையை வீசுவார்கள். கூலி வாங்கிக்கொண்டு ஓகர் சண்டைக்கு வந்துவிடுவான். சரணடைந்துவிட்டான் என்று வாளை இறக்கிவிட்டு நிற்கும் ஆட்டக்காரர் கதி அதோகதிதான்.

இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சனிக்கிழமை

2020-ல் உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது நம் பேட்ச் நண்பர்கள் நாலு பேரை வீடியோவில் பிடித்தேன். ஒருவன் சென்னை, ஒருவன் துபாய், ஒருவன் கோயம்புத்தூர், ஒருவன் ஓசூர். ஓசூர்க்காரன் என் ரூம்மேட். நாலு வருஷம் ஒரே அறை, ஒரே பக்கெட், ஒரே இரவல் டிராஃப்டர். பிறகு ஏழெட்டு வருஷம் பிறந்தநாள் வாழ்த்தோடு நின்றுபோயிருந்தது. சண்டையெல்லாம் இல்லை. உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். எப்படி விட்டுப்போச்சு என்று கேட்டால் பதில் இருக்காது.

மில்வாக்கியில் சனிக்கிழமை காலை ஒன்பதரை. இந்தியாவில் இரவு எட்டு. வாரம் மூன்று மணி நேரம் என்று முடிவாயிற்று. எல்லோரும் புதுசு என்பதால் எல்லைக் கோட்டையை எடுத்தேன். ஆனால் விதிகள் புதியவை. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு. பழைய வரைபடம், பழைய அறைகள், பழைய எண்ணிக்கை எல்லாவற்றையும் அப்படியே வைத்து, ராட்சசர்களின் பலத்தை மட்டும் புதிய விதிக்கு ஒரு எக்ஸெல் ஷீட்டில் மாற்றிப் போட்டேன். ஒரே இரவில் வேலை முடிந்தது. மூலத்துக்கு விசுவாசமாக இருக்கிறோம் என்று பெருமை வேறு!

மூன்றாவது சனிக்கிழமை கோபால்ட் குகைக்குள் போனார்கள். அறை அறையாக வெட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் கூட்டத்தின் பொது அறை. புத்தகத்தில் இருந்ததை வாசித்தேன்: ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, சண்டை போடாத குட்டிகள் எட்டு.

"குட்டிக்கு எத்தனை பாயிண்ட்டுடா?" என்றான் சென்னைக்காரன் தமாஷாக.

யாரும் சிரிக்கவில்லை. ஓசூர்க்காரன் மடியில் அவனுடைய ஆறு மாசக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "இதுங்களை என்னடா பண்றது? நாமதானே இவங்க வீட்டுக்குள்ள வந்திருக்கோம்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. புத்தகத்திலும் இல்லை. "சரிடா, குழந்தை முழிச்சுக்கும்" என்று போய்விட்டான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் "ஷிஃப்ட்டு மாத்திட்டாங்க" என்று ஒரு வரி மெசேஜ். எட்டு வருஷத்துக்கப்புறம் கிடைத்தவனை ஒரு விளையாட்டில் தொலைத்துவிட்டோமே என்று எனக்கு அடித்துக்கொண்டது.

தாங்கு சுவர் எது?

பழைய கட்டடத்தில் கை வைக்கும்போது முதல் பாடம் என்ன? எது தாங்கு சுவர், எது பூச்சு என்று தெரியாமல் எதையும் இடிக்காதே. நான் பூச்சை எல்லாம் பத்திரமாக வைத்துக்கொண்டு தாங்கு சுவரை இடித்திருக்கிறேன் என்பது, 1981-ல் வந்த ஆரம்பக்காரர் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. எல்லைக் கோட்டை அந்தப் பெட்டியில்தான் சேர்ந்து வந்தது.

கணக்குப் பாருங்கள். அந்தப் பழைய விதியில் ஒரு வாள்வீரன் இரண்டாம் நிலைக்கு உயர 2000 அனுபவப் புள்ளி வேண்டும். ஓர் ஆர்க்கைக் கொன்றால் 10 புள்ளி. கொன்றே உயர வேண்டுமானால் ஒரு ஆளுக்கு 200 ஆர்க்குகள்! ஆனால் ஒரு பொற்காசை வெளியே கொண்டுவந்தால் ஒரு புள்ளி. கோபால்ட் தலைவன் கழுத்துச் சங்கிலி ஒன்றே 1200 பொற்காசு. அதாவது, சண்டை போடாமல் சங்கிலியை மட்டும் கிளப்பிக்கொண்டு வருகிறவனே கெட்டிக்காரன்.

ஐந்தாம் பதிப்பில்? இரண்டாம் நிலைக்கு 300 புள்ளி. ஓர் ஆர்க்குக்கு 100 புள்ளி. மூன்று ஆர்க் போதும். பொற்காசுக்குப் புள்ளியே கிடையாது.

அடுத்தது, எதிரியின் மனசு. பழைய விதியில் ராட்சசர்களைச் சந்தித்தால் அவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று தெரியாதபோது கதை நடத்துபவர் இரண்டு பகடை உருட்டுவார். இரண்டிலும் ஒன்று விழுந்து மொத்தம் 2 வந்தால் மட்டுமே நிச்சயமான உடனடித் தாக்குதல். அது 36-ல் ஒரு வாய்ப்பு. நடுவில் விழுந்தால் தயக்கம். 12 விழுந்தால் நட்பு! சண்டை வந்தாலும், முதல் ஆள் விழுந்ததும், பாதிப் பேர் விழுந்ததும், மிச்சம் உள்ளவர்கள் நிற்பார்களா ஓடுவார்களா என்று துணிவுச் சோதனைக்கு மறுபடி பகடை. அதில் தோற்றால் ஓடுவார்கள், அல்லது கையைத் தூக்குவார்கள். ஐந்தாம் பதிப்பில் துணிவுச் சோதனை வேண்டுமானால் வைத்துக்கொள் என்று ஓர் ஓரத்தில் இருக்கிறது. நான் அதைப் படிக்கவே இல்லை.

மூன்றாவது, உயிர் பயம். பழைய மந்திரவாதிக்கு முதல் நிலையில் 1 முதல் 4 வரைதான் உயிர்ப் புள்ளி. ஒரு அடி, ஆள் காலி. புதிய விதியில் விழுந்தவன் எழ வழிகள் உண்டு. பழைய ஆட்டக்காரன் பயந்தான், பயந்ததால் பேசினான். கைகாக்ஸ் இதை நன்றாகத் தெரிந்தே கட்டியிருக்கிறார். குகைக் கூட்டங்களுக்குள் கூட்டணியும் பகையும் உண்டு, புத்திசாலி ஆட்டக்காரர்கள் ஒன்றை இன்னொன்றோடு மோதவிடலாம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

பழைய ஆட்டக்காரர்கள் எல்லாம் அகிம்சாவாதிகள் என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைக்கும் குகைகளைச் சுத்தமாகத் துடைத்தெடுத்த கோஷ்டிகள் ஏராளம். ஆனால் பேசு, ஒளி, ஓடு என்ற வழிகளுக்கு விதிகளே கூலி கொடுத்தன. நான் வரைபடத்தை அப்படியே வைத்து அந்தக் கூலியை நிறுத்திவிட்டேன். அதே குகைதான், அதே எட்டுக் குட்டிகள்தான். ஆனால் திருட்டுக் கதை படுகொலைக் கதையாக மாறிவிட்டது. எழுத்தை மாற்றாமல் வைத்தால் அர்த்தமும் மாறாமல் இருக்கும் என்று நினைத்ததுதான் என் தப்பு.

கல்லறையும் கோட்டையும்

இந்தத் தப்பும், இதைத் தவிர்த்த கெட்டிக்காரத்தனமும் அம்பது வருஷச் சரித்திரத்தில் எனக்கு முன்னாலேயே நடந்திருக்கின்றன. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'. பயங்கரங்களின் கல்லறை. 1975-ல் ஒரு விளையாட்டு மாநாட்டுப் போட்டிக்காகக் கைகாக்ஸ் கொண்டுபோனது, 1978-ல் புத்தகமாயிற்று. என் வாள்வீரனை எவனாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று மார்தட்டுகிறவர்களுக்கு வைத்த பரீட்சை. உள்ளே ஒரு பச்சைப் பிசாசு முகம், வாய் திறந்திருக்கும், வாய்க்குள் கும்மிருட்டு. வழி போலிருக்கிறதே என்று நுழைந்தால் அவ்வளவுதான். பகடையும் கிடையாது, மறுபரீட்சையும் கிடையாது. ஆட்டக்காரர்களுக்குக் காட்ட ஒரு படப் புத்தகமும் சேர்த்தே கொடுத்தார்கள். படத்தைப் பார், யோசி, கழியால் குத்திப் பார் என்பதுதான் ஆட்டம். சோதிக்கப்படுவது பாத்திரத்தின் பலமல்ல, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளின் மூளை.

1997-ல் டி.எஸ்.ஆர். நொடித்துப்போய் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற கம்பெனி அதை வாங்கியது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் தேடுவது, பொறியை அவிழ்ப்பது எல்லாமே பாத்திரத்தின் திறமை எண்களாகிவிட்டன. பகடையை உருட்டு, எண்ணைக் கூட்டு, பொறி தெரிந்துவிட்டது! கல்லறையின் தாங்கு சுவரே போய்விட்டது. 2017-ல் பழைய சாகசங்கள் ஏழைத் திரட்டிய புத்தகத்தில் இந்தக் கல்லறையும் புதிய விதியில் வந்தது. அதே வருஷம் 'டூம் ஆஃப் அனைஹிலேஷன்' என்று புத்தம் புதிய கதை ஒன்றும் வந்தது. வேறு ஊர், வேறு கல்லறை. ஆனால் அதே வில்லன், அசெரெராக். சாவுக்குப் பயப்பட வேண்டும் என்ற ஒன்றை மட்டும் தாங்கு சுவராகப் பிடித்துக்கொண்டார்கள். கதையில் ஒரு சாபம், செத்தவர்களைத் திரும்ப எழுப்ப முடியாது. போதாதென்று, விழுந்த ஆள் பிழைப்பதை இன்னும் கடினமாக்கும் விருப்ப விதி ஒன்று. சுவர்களை எல்லாம் மாற்றி அஸ்திவாரத்தைக் காப்பாற்றிய வேலை அது.

இரண்டாவது, 'ரேவன்லாஃப்ட்'. 1983-ல் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதி எழுதியது. சுரங்கத்தில் ஒரு அறையைத் திறந்தால் சம்பந்தமே இல்லாமல் ஒரு ரத்தக்காட்டேரி நிற்கிறதே, இவன் இங்கே என்ன செய்கிறான் என்ற கேள்வியிலிருந்துதான் பிறந்ததாம். பதிலாக அவர்கள் ஸ்டிராட் என்ற பிரபுவை உண்டாக்கினார்கள். தம்பி மணக்கவிருந்த பெண்ணின் மேல் ஆசைப்பட்டு, கல்யாண நாளன்றே தம்பியைக் கொன்று சாபத்தில் விழுந்தவன். அதில் ஒரு பிரமாதமான உத்தி: ஆரம்பத்தில் ஒரு கிழவி சீட்டு போட்டுக் குறி சொல்வாள். நிஜமாகவே சீட்டுக்கட்டைக் குலுக்க வேண்டும். மந்திர வாள் எங்கே, ஸ்டிராட் எங்கே என்பதெல்லாம் அந்தச் சீட்டைப் பொறுத்து மாறும். (சீனியர் அண்ணா, சீட்டாட்டம் கொஞ்சம் உண்டு, மன்னியுங்கள்!)

32 பக்கத்து அந்த மாட்யூல் 1993, 2006 என்று மறுபடி மறுபடி எழுதப்பட்டு, 2016-ல் 'கர்ஸ் ஆஃப் ஸ்டிராட்' என்ற 256 பக்கப் புத்தகமாயிற்று. கோட்டையைச் சுற்றி ஒரு நாடே முளைத்தது. ஆனால் சீட்டுக் குறியும் ஸ்டிராட்டும் அப்படியே. அதனால்தான் பழைய ஆட்டக்காரர்களும் புதிய ஆட்டக்காரர்களும் ஒருசேர அதைக் கொண்டாடினார்கள்.

ஒன்று மட்டும் இடித்தது. அந்தக் குறி சொல்லும் நாடோடிகள். விஸ்டானி என்று பெயர் வைத்திருந்தாலும் ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பார்த்து வரைந்த சித்திரம் அது. குடிகாரர்கள், திருடர்கள், வில்லனின் கையாட்கள் என்ற பழைய அவதூறு எல்லாம் அதில் இருந்தது. ரோமா மக்களின் முன்னோர்கள் ஏறத்தாழ ஆயிரம் வருஷம் முன்பு வட இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதால் எனக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தியது. 2020-ல் கம்பெனியே இதை ஒப்புக்கொண்டு அந்தப் பகுதிகளைத் திருத்தி வெளியிட்டது. கெட்டுப்போச்சு என்று கத்தியவர்கள் உண்டு. ஆனால் ஆடிப் பாருங்கள், கதையில் ஒரு விரிசல்கூட விழவில்லை. கிழவி குறி சொல்வது தாங்கு சுவர். அவள் இனத்தைக் கேவலப்படுத்துவது பூச்சு, அதுவும் ஓதம் ஏறிய பூச்சு. உதிர்ந்தால் சுவருக்குத்தான் நல்லது.

எல்லைக் கோட்டைக்கும் மராமத்து நடந்தது. பழைய புத்தகத்தில் கோட்டைத் தலைவருக்கும் சத்திரக்காரருக்கும் பெயரே கிடையாது. வெறும் பதவிதான். 1999-ல் ஜான் ரேட்லிஃப் எழுதிய மறுவருகைப் புத்தகத்தில் 20 வருஷம் கழித்து அதே கோட்டைக்குப் போகிறோம். இப்போது மனிதர்களுக்குப் பெயரும் கதையும் உண்டு. 2018-ல் குட்மன் கேம்ஸ் என்ற கம்பெனி பழைய பக்கங்களை அப்படியே நகலெடுத்து, கூடவே புதிய விதியிலும் போட்டது. 2025 செப்டம்பரில் வந்த ஆரம்பக்காரர் பெட்டியும் இதே கோட்டையும் இதே குகைகளும்தான். அதற்கு முன்பே ஆர்க்குகள் ஆட்டக்காரர்கள் எடுத்து ஆடும் இனமாகிவிட்டன. அந்த வருஷத்து ராட்சசப் புத்தகத்தில் 'ஆர்க்' என்று தனி எதிரியே இல்லை. நாற்பத்தைந்து வருஷத்தில் குகைக்குள் இருந்தவன் மேஜைக்கு வந்து நம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்!

ஆறாவது சனிக்கிழமை

இதையெல்லாம் படித்து முடித்து நான் செய்தது மூன்றே மூன்று திருத்தம். பொற்காசுக்குப் புள்ளியைத் திரும்பக் கொண்டுவந்தேன். சந்திப்புக்கும் துணிவுக்கும் இரண்டு பகடையைத் திரும்ப வைத்தேன். இவை இரண்டும் பழசு. மூன்றாவது மட்டும் என் சொந்தச் சரக்கு: ஒவ்வொரு குகைக் கூட்டத்துக்கும் ஒரு தேவை, ஒரு பயம் என்று தலா ஒரு வரி எழுதினேன். கோபால்ட்களுக்குத் தேவை உப்பு. பயம், பக்கத்து ஆர்க்குகள்.

பிறகு ஓசூருக்குப் போன் போட்டேன். மெசேஜ் இல்லை, போன். "டேய், நீ கேட்டதுக்குப் பதில் கண்டுபிடிச்சிருக்கேன். நான்தான் தப்பா நடத்திட்டேன். குகை வாசல்லேருந்து மறுபடி ஆரம்பிக்கலாம், வர்றியா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "ஷிஃப்ட்டெல்லாம் மாறலைடா. அன்னிக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, அது வேற" என்றான். அவன் அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து மூன்று மாசமாகியிருந்தது. எங்கள் யாருக்கும் தெரியாது. அந்த அப்பாதான் செமஸ்டருக்கு ஒருமுறை ஹாஸ்டலுக்கு முறுக்கு டின்னோடு வருவார். அன்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். ஆட்டத்தைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஆறாவது சனிக்கிழமை வந்தான். கோபால்ட் குகை வாசலில் இரண்டு பகடை உருட்டினேன். 7. தயக்கம். வாள்களைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று அவன்தான் கேட்டான். மூன்று மணி நேரத்தில் ஒரு வெட்டுக்குத்து இல்லாமல் உப்பு வியாபாரம் ஒன்று ஒப்பந்தமாயிற்று. சங்கிலியும் கைமாறியது, முறையான பேரத்தில்! எட்டுக் குட்டிகளும் இன்றுவரை சௌக்கியம். காப்ளின் குகையில் மட்டும் வதந்தியை நம்பிச் சென்னைக்காரன் வாளைக் கீழே போட்டான். ஓகர் வந்தான். சென்னைக்காரன் இப்போது வேறு பாத்திரம் ஆடுகிறான்.

பழைய கதையைப் புதியவர்களுக்காக மாற்றி எழுதலாமா கூடாதா என்று இந்த ஆட்ட உலகத்தில் ஓயாமல் சண்டை நடக்கிறது. மாற்றவே கூடாது என்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்வேன். மேஜையைச் சுற்றி உட்காருகிற ஆட்கள் மாறியதுமே கதை மாறிவிட்டது, நீங்கள் கை வைக்காவிட்டாலும்கூட. எல்லாவற்றையும் மாற்று என்பவர்களுக்கும் அதேதான் சொல்வேன். நான் தேடிய மருந்தில் பாதி பழைய புத்தகத்திலேயேதான் இருந்தது. படிக்காமல் தூக்கிப் போட்டவன் நான். முதலில் ஆடிப் பார். எது தாங்குகிறது என்று தட்டிப் பார். பிறகு கடப்பாரையை எடு.

எங்கள் ஐவர் வாட்ஸ்அப் குழுவுக்கு அன்றிலிருந்து 'ப்ரீ-யார்க்' என்று பெயர். அதில் ஒரு சட்டம் உண்டு. யாராவது அந்த வார்த்தையைத் தனியாகப் போட்டால், அங்கே நேரம் என்னவாக இருந்தாலும் மற்ற நாலு பேரும் போன் போட வேண்டும். இதுவரை மூன்று தடவை வந்திருக்கிறது. முதல் தடவை 2022-ல் ஓசூரிலிருந்து, விடிகாலை மூன்று மணிக்கு. கோயம்புத்தூர்க்காரன் காரை எடுத்துக்கொண்டு காலைக்குள் ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேர்ந்துவிட்டான். அப்பா போய்விட்டார். ஆனால் அவன் தனியாக நிற்கவில்லை.

இந்தச் சந்திப்புக்கு ஐந்து பேரும் வருகிறோம். பகடை கொண்டு வருகிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு, பொன்னாடைகள் எல்லாம் போர்த்தி முடிந்த பிறகு, பழைய மெஸ் திண்ணையில் ஒரு மேஜை போட அனுமதி கேட்டிருக்கிறேன். சீனியர், ஜூனியர் யாரும் வரலாம். விதி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். எதிரே ஒரு குகை வாசல், உள்ளே கும்மிருட்டு. என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்பேன்.